லைட் ஹவுஸ் கார்னர்

மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.
நூற்றிருபது படுக்கை விரிப்பு, அறுபது தலையணை உறை,
செங்குந்தபுரத்துக் கிடங்கில் பேல் கட்டி
நாகப்பட்டினம் என்று மையால் எழுதியாயிற்று.
பஸ் ராத்திரிதான்.
"ஊர் பார்ப்போம்" என்றாள் பிலோமினா,
லாட்ஜில் பாதிப் பங்குக்காரி,
கணக்கு நோட்டைத் தவிர எதையும்
நின்று பார்க்காதவள்.

ஆட்டோக்காரர் பெயர் சென்னியப்பன்.
"பழைய ஊருன்னா எதுங்க? பழைய பஸ் ஸ்டாண்டுங்களா?"
சேரர், யவனர், பொன், மிளகு,
பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டதையெல்லாம் ஒப்பித்தேன்.
கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார்.
"அப்ப நடு ஊருக்கே போயிருவோமுங்க."

இறக்கிவிட்ட இடத்துக்குப் பெயர்
லைட் ஹவுஸ் கார்னர்.

நாங்கள் கடற்கரைக்காரிகள்.
எங்கள் மூன்றாம் மாடிச் சுவரை
ராத்திரி முழுக்க ஒரு வெளிச்சம் தடவிவிட்டுப் போகும்.
புதிதாகத் தங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்து
போலீஸா என்று கேட்பார்கள்.
அந்தப் பழக்கத்தில் இரண்டு பேரும் அண்ணாந்தோம்.
மின்கம்பி. காதுகுத்துக்கு ஒரு பிளெக்ஸ்.
அதற்கு மேல் வெயில்.

"விளக்கு எங்கே?"
"அது சினிமாக் கொட்டாய் பேருன்னு சொல்லுவாங்க.
நான் பாக்கலீங்க. பேரு மட்டும் நின்னுக்கிச்சு."

ரவுண்டானாவை மூன்று சுற்றுச் சுற்றினோம்,
அதைத் தவிர அதை என்ன செய்வதென்று தெரியாமல்.
படம் எடுத்தேன்.
"சர்வேங்களா? ரோடு அகலப்படுத்தறாங்களா?"
டிராபிக் போலீஸ்காரர் கவலையோடு கேட்டார்.
அப்போது ஒரு பஸ் வந்தது, பஸ் ஆகாத பஸ்:
கூரை இல்லை, கதவு இல்லை, ஒரு சீட்டுகூட இல்லை,
வெறும் சட்டமும் சக்கரமும்.
துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவன் மட்டும்
வானத்தின் கீழ் நிமிர்ந்து உட்கார்ந்து
கூடு கட்டும் பட்டறைக்கு ஓட்டிப் போனான்.
"இவன் எந்த ஊர் ராஜாடி?" என்றாள் பிலோ.
அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை.
"காசெல்லாம் உள்ளதானுங்க இருக்குது,
ஆத்துல கெடச்சது. நாளைக்கு வாங்க"
என்றார் வாட்ச்மேன்,
காசுகள் எங்கேயும் போய்விடாது என்பதுபோல.

பசித்தது.
தள்ளுவண்டியில் ஆளுக்கு ஒரு முட்டைக் கரம்.
நொறுங்கிய தட்டுவடைக்குள் சட்னி இறங்கி
மூக்கில் நீர் வந்தது.
எழுபது ரூபாய். மூன்று நோட்டு, ஒரு பத்து ரூபாய் நாணயம்.
நாணயத்தை மட்டும் பலகையில் திருப்பி வைத்தார் அந்த அம்மா.
"இது இங்க போவாதுங்க."
"அரசாங்கம் அடிச்சதுதானே?"
"அடிச்சது அரசாங்கமுங்க. வாங்கறவ நானுங்க."

பதில் சொல்ல வாயில் கரம் இருந்தது.

மாதக்கணக்கில் கடல், பிறகு நடை,
அப்படி வந்த ஒருவன் இதே ஊரில்
எங்கோ ஒரு தெருவில்
வியர்த்த உள்ளங்கையை விரித்திருப்பான்.
யாரும் கண்டிராத ராஜாவின் தலை.
எதிரே நின்றவள் எடை போட்டாள்,
ஒருவேளை கடித்துப் பார்த்தாள்.
யார் தலை என்று கேட்டிருக்கமாட்டாள்.
மிளகை அளந்து போட்டுவிட்டு
அடுத்த ஆளைப் பார்த்திருப்பாள்.

பிலோ என் நாணயத்தை எடுத்து
முந்தானையில் துடைத்து
ஒரு பல்லால் கடித்தாள்.
"செல்லும்" என்றாள் வண்டிக்காரியிடம்.
அந்த அம்மா அப்போதும் வாங்கவில்லை.
வெங்காயம் கொஞ்சம் கூடுதலாகத் தூவித் தந்தார்.

இருட்டியதும் ஒரு டவுன் பஸ் திணறி நின்றது.
"லைட்டவுசெல்லாம் எறங்கு, லைட்டவுசெல்லாம் எறங்கு"
கண்டக்டர் கத்தியதும்
பத்திருபது பேர்
சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்ற முகத்தோடு
இறங்கிப் போனார்கள்.

ஐந்து நாள் கழித்து பேல் வந்து சேர்ந்தது.
மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு
மூன்றாம் மாடியில் அறை கொடுத்தோம்.
மீதிச் சில்லறையில் அந்த நாணயத்தையும் வைத்தேன்.
அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்.

இப்போது தூங்கிக்கொண்டிருப்பார்,
கஞ்சி வாடை போகாத
கரூர் விரிப்பின் நீலக் கட்டங்களில்.
வெளிச்சம் வருகிறது,
கட்டிலைக் கடக்கிறது,
போகிறது.
இன்னும் எழுந்து போலீஸா என்று கேட்கவில்லை.